எரிசக்தித் தொழிலில் ஒப்பந்தத் தகராறா? சிங்கப்பூரில் முதல் நாளிலிருந்து வசூல் வரை

துவாஸில் மின்வேலை எடுத்துச் செய்யும் துணை ஒப்பந்தக்காரர், கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் பங்கர் படகு நடத்துபவர், தேக்காவில் நாலு குளிர்பெட்டியோடு உணவகம் வைத்திருப்பவர். மூவரும் வெவ்வேறு தொழில் செய்தாலும் தகராறு என்று வந்துவிட்டால் செய்யும் தவறு ஒன்றுதான். முதலில் கோபமாக ஒரு மின்னஞ்சல் போகும். பிறகு ஒரு மாதம் தொலைபேசிப் பேச்சு. வழக்கறிஞரிடம் வரும்போது நோட்டீஸ் கெடு முடிந்திருக்கும், எண்ணெய் மாதிரி கொட்டப்பட்டிருக்கும், எதிர்த் தரப்பின் வங்கிக் கணக்கும் காலியாகியிருக்கும்.

இந்தத் துறையில் பெரும்பாலான தகராறுகள் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் நடவடிக்கைகளால்தான் ஜெயிக்கின்றன அல்லது தோற்கின்றன. வரிசை தவறாமல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் ஒப்பந்தத்துக்கான ஆலோசனையை உங்கள் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் படி: ஒப்பந்தம் யாரோடு என்று பாருங்கள்

வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். பங்கர் தொழிலில் இதுதான் மிகப் பெரிய கேள்வி. கப்பல் உரிமையாளர் ஒரு வியாபாரியிடம் எண்ணெய் கேட்பார், அவர் இன்னொருவரிடம் கேட்பார், கடைசியில் படகோடு போய் நிரப்பிவிட்டு வருவது நீங்கள். 2014 நவம்பரில் ஓடபிள்யூ பங்கர் என்ற கப்பல் எண்ணெய் வியாபார நிறுவனம் கவிழ்ந்தபோது உலகமெங்கும் இதுதான் வெடித்தது. எண்ணெய் நிரப்பியவர்களும் கேட்டார்கள், ஓடபிள்யூவின் கடன்காரர்களும் கேட்டார்கள். ஒரே எண்ணெய்க்கு இரண்டு தடவை பணம் கட்ட வேண்டி வருமோ என்று கப்பல்காரர்கள் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். 2015இல் அந்த விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. நிரப்பியவரின் ஒப்பந்தம் இடையில் இருந்த வியாபாரியோடுதான், கப்பல் உரிமையாளரோடு இல்லை என்பதே அங்கே அடிப்படைச் சிக்கல்.

ஆகவே ஆர்டர் உறுதிப்படுத்திய மின்னஞ்சலைத் திறந்து, அதில் உள்ள நிறுவனத்தின் முழுப் பெயரைப் பாருங்கள். ஒரே குழுமத்தில் நாலு நிறுவனங்கள் இருக்கும். எது உங்களுக்குக் கடன்பட்டது? அந்தப் பெயரை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் தேடி நிறுவன விவரத்தை வாங்குங்கள். செலுத்திய மூலதனம், இயக்குநர்கள், சொத்தின் மேல் வங்கிகளுக்கு உள்ள அடமானப் பதிவுகள் எல்லாம் தெரியவரும். ஜெயித்தால் பணம் வருமா என்ற கேள்விக்கு முதல் பதில் அங்கேதான் கிடைக்கும்.

அப்புறம் மூன்று பிரிவுகளைத் தேடுங்கள்: எந்த நாட்டுச் சட்டம், தகராறு எங்கே தீர்க்கப்படும், புகாரை எத்தனை நாளில் எப்படித் தெரிவிக்க வேண்டும். மின்னஞ்சலில் இவை இருக்காது. "எங்கள் பொது விற்பனை நிபந்தனைகளின்படி" என்று ஒரே வரி இருக்கும். அந்த நிபந்தனைகள் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருபது பக்கத்துக்கு இருக்கும். ஒப்பந்தம் செய்த தேதியில் எந்தப் பதிப்பு நடப்பில் இருந்ததோ அதைத் தரவிறக்கி வையுங்கள். பின்னால் பதிப்பு மாறிவிட்டால் பழையதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இரண்டாம் படி: ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

பங்கரில் அளவுத் தகராறு முன்பெல்லாம் தொட்டியில் நாடா விட்டு அளப்பதில் தொடங்கும். எண்ணெய்க்குள் காற்றை ஊதி நுரையாக்கி அளவைக் கூட்டிக்காட்டும் 'கப்புச்சினோ' மோசடி இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2017 ஜனவரி 1 முதல் எரிஎண்ணெய் நிரப்ப, எண்ணெயின் எடையையே அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டர் கட்டாயம் என்று உலகத்திலேயே முதலில் கொண்டுவந்த துறைமுகம் சிங்கப்பூர். 2019 ஜூலையிலிருந்து டீசல் வகைகளுக்கும் அதே விதி. 2025 ஏப்ரல் முதல் விநியோகச் சீட்டும் மின்னணுச் சீட்டாகிவிட்டது. இதனால் அளவுச் சண்டை குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. மீட்டர் முத்திரை எண்கள், தொடக்க-முடிவு அளவீடுகள், மீட்டர் பதிவுத்தாள் ஆகியவற்றைச் சம்பவம் நடந்த அன்றே பிரதியெடுங்கள். ஆட்சேபம் இருந்தால் கப்பல் கிளம்புமுன் ஆட்சேபக் கடிதம் கொடுங்கள். மறுநாள் அனுப்பும் கடிதத்துக்கு அதில் பாதி மதிப்புக்கூட இல்லை.

தரத் தகராறில் மாதிரிதான் எல்லாம். எண்ணெய் ஏறும்போது கப்பலின் குழாய்வாயில் சொட்டுச் சொட்டாக எடுத்துப் பல குப்பிகளில் முத்திரையிடுவார்கள். முத்திரை எண் விநியோகச் சீட்டில் இருக்க வேண்டும். கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் அனைத்துலக உடன்படிக்கையான மார்போலின் விதிப்படி சீட்டு கப்பலில் மூன்று ஆண்டு இருக்க வேண்டும். மார்போல் மாதிரியை எண்ணெய் பெரும்பாலும் தீரும்வரை, எப்படியும் 12 மாதத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். விற்பவர் கையில் உள்ள மாதிரிக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. புகார் எழுந்தவுடனே "உங்களிடம் உள்ள மாதிரியை அழிக்காதீர்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்று 2022 காட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சிங்கப்பூரில் சுமார் 200 கப்பல்களுக்குக் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் கொண்ட எரிஎண்ணெய் போனது. அவற்றில் ஏறக்குறைய 80 கப்பல்களில் எந்திரக் கோளாறு தெரியவந்தது. கப்பல் எண்ணெய்க்கான வழக்கமான ஐஎஸ்ஓ 8217 தரச் சோதனையில் அந்தக் கலப்படம் அகப்படவில்லை. ஆழமான வேதியியல் பகுப்பாய்வு செய்தபோதுதான் தெரிந்தது. மாதிரி இல்லாதவர்கள் எதைக் கொண்டு மறுசோதனை செய்வார்கள்?

மின்சாரத் தகராறில் ஆதாரம் வேறு மாதிரி. மொத்தச் சந்தை விலை அரைமணிக்கு ஒருமுறை தீர்மானமாகிறது, அந்தத் தரவு பொதுவில் கிடைக்கும். மீட்டர் கணக்கை எடுப்பது உங்களுக்கு மின்சாரம் விற்கும் சில்லறை நிறுவனம் இல்லை, எஸ்பி சர்வீசஸ். பில் தவறு என்று சண்டை போடுமுன், அளவு தவறா விலை தவறா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அளவென்றால் ஒரு கதவு, விலையென்றால் வேறு கதவு.

இன்னொன்று நம்மவர்களுக்கென்றே சொல்ல வேண்டும். படகிலும் தளத்திலும் பாதிப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு கார்கோ ஆபீசர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு இப்படி இருக்கும்: "அண்ணே, ரீடிங் ஒத்து வரல. சீஃப் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு. என்ன பண்ண?" அந்த எட்டு விநாடிதான் வழக்கின் உயிர்நாடியாக இருக்கக்கூடும். நீதிமன்றத்தில் ஆங்கிலம் அல்லாத ஆவணத்துக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, மொழிபெயர்த்துத் தாக்கல் செய்யலாம். கைப்பேசியை மாற்றுமுன் முழு உரையாடலையும் தேதியோடு ஏற்றுமதி செய்து வையுங்கள். ஒன்றிரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளை மட்டும் வெட்டி எடுத்தால், மீதியை ஏன் மறைத்தீர்கள் என்று எதிர்த் தரப்பு கேட்கும். பணியாளர் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போவதற்குள் அவரிடம் எழுத்து வாக்குமூலம் வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: கெடுகளைத் தாளில் எழுதுங்கள்

ஒப்பந்த மீறலுக்குச் சட்டப்படி ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அதை நம்பி உட்கார வேண்டாம். பங்கர் நிபந்தனைகளில் அளவுப் புகார், தரப் புகார் இரண்டுக்கும் நாள் கணக்கில்தான் கெடு இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம். அதைத் தாண்டினால் உரிமையே போய்விடும் என்றும் எழுதியிருப்பார்கள். சிறு கோரிக்கை மன்றத்துக்கு இரண்டு ஆண்டுக் கெடு.

நான்காம் படி: உங்கள் தகராறு எந்த வகை?

மின்சாரம் வாங்குபவர்களுக்கு முதலில். 2021 அக்டோபரை மறந்திருக்க மாட்டீர்கள். மேற்கு நத்துனாவிலிருந்து வரும் குழாய் எரிவாயு குறைந்தது, தென் சுமத்ராவிலிருந்து வந்ததில் அழுத்தம் குறைந்தது, உலகச் சந்தையில் எல்என்ஜி எனும் திரவ இயற்கை எரிவாயுவின் விலை எகிறியது. நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. மொத்தச் சந்தையின் உச்சவரம்பு அப்போது மெகாவாட் மணிக்கு 4,500 வெள்ளி, அதாவது ஒரு யூனிட் 4.50 வெள்ளி வரை போக முடிந்தது. நிலையான விலையில் விற்றுவிட்டு, வாங்கும் விலைக்குப் பாதுகாப்பு எடுக்காத சில்லறை நிறுவனங்கள் அடுத்தடுத்து வெளியேறின.

அப்போது எழுந்த கேள்விகள் இன்றும் பொருந்தும். விலை ஏறிவிட்டது என்பது மட்டும் ஒப்பந்தத்தைக் கைவிடக் காரணமாகாது. தவிர்க்க முடியாத நிகழ்வுப் பிரிவில் என்ன சொற்கள் இருக்கின்றன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். லாபம் குறைந்ததற்கும் நிறைவேற்றவே முடியாமல் போனதற்கும் சட்டத்தில் பெரிய இடைவெளி உண்டு. மறுபக்கம், நீங்கள் ஒப்பந்தத்தை முறித்தால் கட்டச் சொல்லும் தொகை நியாயமானதா? 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த டென்கா-செராயா வழக்கு மின்சார ஒப்பந்தங்களிலிருந்தே வந்தது. ஒப்பந்தம் போட்ட நேரத்தில் நினைத்துப் பார்க்கக்கூடிய இழப்பின் உண்மையான முன்மதிப்பீடாக அந்தத் தொகை இருக்க வேண்டும் என்ற பழைய அளவுகோலையே சிங்கப்பூர் கடைப்பிடிக்கும் என்று அங்கே உறுதியானது. இங்கிலாந்து 2015இல் எடுத்த வேறு பாதையை நம் நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே ஆங்கிலச் சட்டப் புத்தகத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். உரிமம் பெற்ற நிறுவனம் விதியை மீறினால் ஆணையம் நடவடிக்கை எடுக்கும். ஆனால் உங்கள் இழப்பீட்டை அது வாங்கித் தராது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

துணை ஒப்பந்தக்காரர்களுக்குக் கையில் உள்ள பலமான ஆயுதம் 2004ஆம் ஆண்டின் கட்டுமானப் பணக் கொடுப்பனவுப் பாதுகாப்புச் சட்டம். மின்கம்பித் தடம், குழாய்த்தடம், கட்டடத்தின் மின்வேலை போன்றவற்றுக்கு இது பொருந்தும். எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். முறைப்படி பணக் கோரிக்கை கொடுத்தால், ஒப்பந்தத்தில் உள்ள கெடுவுக்குள், அதிகபட்சம் 21 நாளுக்குள், எதிர்த் தரப்பு பதில் தர வேண்டும். அதற்குப் பின் 7 நாள் பேசித் தீர்க்கும் காலம். அடுத்த 7 நாளுக்குள் சிங்கப்பூர் சமரச நிலையத்தில் தீர்ப்பாளர் விசாரணைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த 7 நாளைத் தவறவிட்டால் அந்தக் கோரிக்கையை வைத்து விண்ணப்பிக்க முடியாது. பதில் தராதவர் பிறகு புதிதாகக் காரணம் சொல்ல முடியாது. "மேலே உள்ளவர் கொடுத்தால்தான் உனக்குக் கொடுப்பேன்" என்ற பிரிவு இந்தச் சட்டத்தின்முன் செல்லாது. மாதக்கணக்கில் கடன் வாங்கிச் சம்பளம் போட்டுக்கொண்டு, இந்த வழி இருப்பதே தெரியாமல் காத்திருக்கும் நம் ஒப்பந்தக்காரர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. முதலில் இதைப் பாருங்கள்.

பங்கர் விற்பவர்கள் உடனே கேட்பது, கப்பலைப் பிடிக்கலாமா என்று. முடியும், எல்லா நேரத்திலும் இல்லை. உயர் நீதிமன்றக் கடல்துறை அதிகாரச் சட்டப்படி, கப்பலின் இயக்கத்துக்குக் கொடுத்த பொருளுக்கான கோரிக்கையை வைத்துக் கப்பலைக் கைது செய்யலாம். ஆனால் உங்களுக்குக் கடன்பட்டவர், வழக்குப் போடும் நாளில் அந்தக் கப்பலின் உண்மையான உரிமையாளராகவோ, கப்பலை முழுசாகத் தன் வசம் எடுத்த வாடகையாளராகவோ இருக்க வேண்டும். ஆர்டர் கொடுத்தது கால வாடகைக்கு எடுத்த நிறுவனம் என்றால் அந்தக் கப்பலைத் தொட முடியாது. வாடகையாளருக்குச் சொந்தக் கப்பல் வேறு இருந்தால் அதைப் பிடிக்கலாம். எண்ணெய் கொடுத்ததால் மட்டும் கப்பலோடு ஒட்டிக்கொண்டு போகும் கடல்சார் பற்றுரிமை சிங்கப்பூரில் கிடையாது.

காகிதத்தை நம்பியவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. 2021இல் முடிந்த 'லூனா' வழக்கில், படகில் எண்ணெய் ஏற்றிய விற்பனையாளர் சரக்கு ரசீதுகளை (பில் ஆஃப் லேடிங்) கையில் வைத்திருந்தார். வாங்கியவர் கவிழ்ந்ததும், ரசீதைக் காட்டாமல் எண்ணெயை எப்படிக் கொடுத்தீர்கள் என்று படகு உரிமையாளர்கள்மேல் வழக்குப் போட்டார். பங்கர் தொழிலில் எண்ணெய் சில நாளில் பல கப்பல்களுக்குப் போய்விடும். ரசீதைக் காட்டி வாங்கும் வழக்கமே அங்கே இல்லை. அந்தக் காகிதங்கள் சரக்கின்மேல் உரிமை தரும் ஆவணமாகச் செயல்படவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஐந்தாம் படி: வழக்கறிஞர் தேடுவது

சிங்கப்பூரில் எரிசக்தி உலகம் சின்னது. பெரிய சட்ட நிறுவனங்கள் மின் உற்பத்தியாளர்களுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே முதல் மின்னஞ்சலில் கதை எழுதாதீர்கள். இரு தரப்புப் பெயர்களை மட்டும் கொடுத்து, நலன் முரண் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தபின் விவரம் சொல்லுங்கள்.

பங்கர் என்றால் கடல்சார் வழக்கு நடத்துபவர், துணை ஒப்பந்தம் என்றால் கட்டுமானத் தகராறு செய்பவர், மின் விலை என்றால் வணிக ஒப்பந்தத்தோடு சந்தை விதிகளும் தெரிந்தவர். எரிசக்தி வழக்கறிஞர் என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். கோப்பை அன்றாடம் பார்க்கப்போவது யார் என்று கேளுங்கள். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுத்தில் வாங்குங்கள். நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்த்துவைக்கும் நடுவர் தீர்ப்பு (ஆர்பிட்ரேஷன்) வழக்குகளில் 2022 மே முதல் நிபந்தனைக் கட்டணம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஜெயித்தால் கூடுதல், தோற்றால் குறைவு அல்லது இல்லை என்ற ஏற்பாடு. மீட்கும் தொகையில் பங்கு என்ற பேச்சுக்கு மட்டும் இடமில்லை.

ஆறாம் படி: கடிதமும் சமரசமும்

கோரிக்கைக் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: ஒப்பந்தம், மீறல், தொகை, கெடு. ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கே, சொன்ன முறையிலேயே போக வேண்டும். சமரசத்துக்காக எழுதும் கடிதத்தில் "வித்தவுட் பிரெஜுடிஸ்" (உரிமைக்குப் பாதகமின்றி) என்று குறிப்பிட்டுத் தனியாக அனுப்புங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த புதிய நீதிமன்ற விதிகள்படி, வழக்குப் போடுமுன் இணக்கத் தீர்வு ஒன்றை முன்வைப்பது கடமை. செய்யாவிட்டால் செலவு உத்தரவில் அடிபடும். நீண்டகால ஒப்பந்தங்களில் சமரசம் உண்மையாகவே பலன் தரும் என்பது என் கருத்து. தொழிற்சாலைக் கூரையில் இருபது ஆண்டுச் சூரியத்தகடு ஒப்பந்தம் போட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் சண்டை போட்டாலும், மீதி பதினேழு ஆண்டு ஒரே கூரையைப் பகிர வேண்டும்.

ஏழாம் படி: எந்த மன்றம்

நடுவர் தீர்ப்புப் பிரிவு இல்லையென்றால் தொகைதான் மன்றத்தைத் தீர்மானிக்கும். 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை மன்றம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. அங்கே வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். 60,000 வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 2,50,000 வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். உங்கள்மேல் யாராவது வழக்குப் போட்டால், கோரிக்கை அறிக்கை கைக்கு வந்து 14 நாளுக்குள் எதிர்க்கும் எண்ணத்தைப் பதிவு செய்ய வேண்டும், 21 நாளுக்குள் எதிர்வாதம். சும்மா இருந்தால் விசாரணையின்றியே தீர்ப்பு வந்துவிடும்.

நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தால் நீதிமன்றத்துக்குப் போவது வீண். எதிர்த் தரப்பு வழக்கை நிறுத்திவைக்கக் கேட்கும், அனைத்துலக ஒப்பந்தமென்றால் நீதிமன்றம் நிறுத்தியே ஆக வேண்டும். சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் தீர்ப்பு மையத்தின் 2025 விதிகள் சிறு தொழிலுக்கு உதவியானவை. 10 லட்சம் வெள்ளி வரையான தகராறுக்கு எளிய நடைமுறை, நடுவர் அமைந்து மூன்று மாதத்தில் தீர்ப்பு. 1 கோடி வெள்ளி வரை விரைவு நடைமுறை, ஆறு மாதம். சொத்து கைமாறிவிடும் என்ற பயம் இருந்தால் அவசர நடுவரைக் கேட்கலாம். பங்கர் கோரிக்கைகளுக்கு சிங்கப்பூர் கடல்சார் நடுவர் மன்றமும் அதன் தனிப் பங்கர் நடைமுறையும் இருக்கின்றன. உங்கள் பிரிவில் எந்த மையத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும்.

நடுவர் தீர்ப்பில் ஒரு குறை உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நடுவர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதற்காக அனைத்துலகத் தீர்ப்பை மேல்முறையீடு செய்ய முடியாது. விசாரணை முறை தவறியது, அதிகாரம் மீறியது போன்ற குறுகிய காரணங்களுக்காகவே, மூன்று மாதத்துக்குள், ரத்து செய்யக் கேட்கலாம்.

எட்டாம் படி: எதிர்த் தரப்பு கவிழ்ந்துவிட்டால்

2020 ஏப்ரலில் ஹின் லியோங் விழுந்தது. சுமார் 80 கோடி அமெரிக்க டாலர் இழப்பைப் பல ஆண்டுகளாகக் கணக்கில் காட்டாமல் மறைத்தது வெளியே வந்தது. சிங்கப்பூரின் பெரிய எண்ணெய் வியாபாரிகளில் ஒன்று அது. அந்தப் பெயர்மேல் நம்பிக்கை வைத்துக் கடனுக்குப் பொருள் கொடுக்காதவர்கள் குறைவு.

எதிர்த் தரப்பு கடன் சீரமைப்புக்கு விண்ணப்பித்தால் 30 நாள் தானாகவே தடை விழும், வழக்கு நகராது. நிறுவனம் கலைக்கப்பட்டால் கலைப்பாளரிடம் கடன் சான்று தாக்கல் செய்து, வங்கிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். பணம் கட்டும்வரை பொருள் என்னுடையது என்ற பிரிவு பங்கரில் பெரிதாக உதவாது, எண்ணெய் எரிந்து போயிருக்கும். தவணை தாமதமாகத் தொடங்கும் அந்த முதல் மாதத்திலேயே கடன் நாளைக் குறையுங்கள், உத்தரவாதம் கேளுங்கள்.

15,000 வெள்ளிக்கு மேல் கடன் இருந்தால் சட்டக் கோரிக்கை நோட்டீஸ் அனுப்பி, மூன்று வாரம் கழித்துக் கலைப்பு மனு போடும் வழியும் உண்டு. மறுக்கப்படாத கடனுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். உண்மையான தகராறு இருக்கும்போது மிரட்டலாக அனுப்பினால், நீதிமன்றம் தடுத்து உங்கள் மேலேயே செலவை ஏற்றும்.

ஒன்பதாம் படி: வசூல்

தீர்ப்பு கையில் கிடைத்தும் எதிர்த் தரப்பு கட்டவில்லையென்றால் நிறைவேற்ற உத்தரவு கேட்க வேண்டும். வங்கிக் கணக்கு, மூன்றாமவர் அவருக்குத் தர வேண்டிய கடன், சரக்கு, சொத்து ஆகியவற்றை ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். வெளிநாட்டில் சொத்து என்றால் நடுவர் தீர்ப்பின் அருமை அப்போதுதான் தெரியும். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று அமல்படுத்துவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் இருக்கும் 170க்கு மேற்பட்ட நாடுகளில் அதை அமல்படுத்தக் கேட்க முடியும். மலேசியா, இந்தோனேசியா, இந்தியா மூன்றும் அதில் உண்டு. ஆகவே முதல் படியில் வாங்கிய நிறுவன விவரத்தோடு, அவர் யாருக்கு எண்ணெய் விற்கிறார், எந்த வங்கியிலிருந்து உங்களுக்குக் கடைசியாகப் பணம் அனுப்பினார் என்ற குறிப்பையும் சேர்த்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். பழைய காசோலைப் பிரதி ஒன்று, வங்கிப் பரிமாற்றச் சீட்டு ஒன்று போதும், எந்தக் கணக்கை முடக்கக் கேட்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.